நிறுக்காத தூசி

முதலாவது, உப்பளத்துக்கு நடுவே யாரையும் கேட்காமல் ரோடு போட்டது. இரண்டாவது, லாரி கிளப்பும் மண் பாத்தியில் விழுந்து உப்பு சிவக்கிறது என்று முறையிடப் போன பெண்களைக் காவல் நிலைய வாசலில் பொழுது சாயும்வரை நிற்க வைத்தது. மூன்றாவது, அனல்மின் நிலையத்துக்கென்று நிலம் எடுத்தது, எடுத்த நிலத்தைத் தரிசு என்று எழுதிக்கொண்டது. நான்காவது, சாம்பல் குட்டையின் அடியில் கனத்த விரிப்புப் போடுவோம் என்று சொல்லிவிட்டுப் போடாமல் விட்டது. ஐந்தாவது, குட்டையின் கரை உடைந்தது. ஆறாவது, உடைத்தது மழைதான் என்று சொன்னது. வேதக்கண்ணுக்கு இந்த வரிசை தப்பாது. எந்த மேடையானாலும் ஏறுமுன் மனசுக்குள் ஒரு தடவை இப்படி ஓட்டிப் பார்த்துக்கொள்வார். தொண்டை திறக்கும், முதுகு நிமிரும், காலமெல்லாம் கொடி பிடித்த கை தானாக மடங்கிக்கொள்ளும். இன்றைக்கு என்னவோ மூன்றிலிருந்து நான்குக்குப் போகிற இடத்தில் கால் இடறுகிறது. அங்கே ஏதோ ஒன்று கிடக்கிறது. வரிசையில் இல்லாத ஒன்று. குனிந்து பார்க்க மனசில்லாமல் தாண்டிப் போகிறார், தாண்டியதும் திரும்ப முதலாவதுக்கே வந்து நிற்கிறார். ரோடு. கேட்காமல் போட்ட ரோடு. அந்த ரோட்டு வழியாகத்தான் இன்று காலை இந்தக் கல்யாண மண்டபத்துக்கு நடந்து வந்தார். மேடைக்குப் பின்னால் போன முகூர்த்தத்தின் ஜிகினாத் துணி இன்னும் தொங்குகிறது, மணமக்கள் பெயரைப் பிய்த்தெடுத்த இடத்தில் பசை மட்டும் பெயரின் உருவத்தில் காய்ந்திருக்கிறது. அதற்குக் கீழே வருவாய் அதிகாரி, பக்கத்தில் ஊருக்குப் புதிதாக வரப்போகிற அணு இணைவு உலையின் நிறுவனத்துப் பொது மேலாளர், ஓரத்தில் குறிப்பு எழுதத் துணை வட்டாட்சியர். மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். கேட்கிறார்களாம். வேதக்கண் பிளாஸ்டிக் நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தார். நாற்காலி தொடையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. சட்டைப் பையில், மைக்கில் பேச வாங்கிய டோக்கன் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். இருந்தது. சற்று முன்பும் இருந்தது.

வெளியே ராசக்கனியின் குரல். அவர் தங்கை. கேட்டுக்கு அப்பால் போலீஸ் கயிறு கட்டிய இடத்தில் ஊர்ப் பெண்கள் கறுப்புத் துணியோடு உட்கார்ந்திருக்கிறார்கள், அவள் எடுத்துக் கொடுக்க அவர்கள் திருப்பிச் சொல்கிறார்கள். “புறக்கணிப்போம், புறக்கணிப்போம்!” அந்தக் கோஷத்தைக் கட்டியவர் வேதக்கண்தான். கடைசி எழுத்தை இழுக்காதே, வெட்டி நிறுத்து என்று சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். இப்போது அது ஜன்னல் வழியாக வந்து அவருடைய பிடரியிலேயே வெட்டி நிற்கிறது. ஊர் வெளியே இருக்கிறது, தான் உள்ளே இருக்கிறோம். உள்ளே யார்? வேலை கிடைக்கும் என்று வேனில் ஏற்றி வந்த மகளிர் குழு, பிரியாணிப் பொட்டல வாசம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று மோப்பம் பிடிக்கிற சில்லறைக் கூட்டம், அப்புறம் பக்கத்து நாற்காலியில் சுயம்பு. உலைக்காரர்களுக்கு டிராக்டர் வாடகைக்கு விடுகிற சுயம்பு. “என்ன அண்ணாச்சி, வெளிய வெயில் கூடிப் போச்சோ, உள்ள வந்துட்டிய?” என்றான் பல்லெல்லாம் தெரிய. “உள்ளேயும் வெயில்தான் வே. நீங்க எல்லாரும் சேர்ந்து இன்னொரு சூரியனை இல்ல கொண்டு வாறிய” என்றார் வேதக்கண். “செயற்கைச் சூரியன் அண்ணாச்சி. ராத்திரியும் எரியுமாம். தங்கச்சிமார் ராத்திரியும் உப்பு காய வைக்கலாம்லா.” முன் வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். வேதக்கண்ணுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். இவனோடு சிரித்தால் அவ்வளவுதான், சாயங்காலத்துக்குள் ‘அண்ணாச்சி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிரிச்சுட்டுல்லா இருந்தாவ’ என்று ஊர் முழுக்கப் பரப்பிவிடுவான். டோக்கன் வாங்கியதைக் காலையிலேயே ராசக்கனி காதில் போட்டவனும் இவன்தான். மேடையில் ஒரு பெண் மைக்கைக் கடித்துவிடுவதுபோல் பிடித்துக்கொண்டு, எங்க குழுவுக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை சார் என்கிறாள். எழுதுகிறார் துணை வட்டாட்சியர். ஆட்சேபணை இல்லை. அந்த இரண்டு சொல் காதில் விழுந்ததும் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் கிடப்பது ஒரு தடவை புரண்டு படுத்தது.

போன வாரம் உச்சி வேளையில் ஒரு அம்மா அவர் வீட்டுக்கு வந்தாள். குடையும் தோள்பையுமாக ஆட்டோவிலிருந்து இறங்கி நேராக வாசலுக்கு வந்து, “நான் உலைக் கம்பெனியில வேலை பாக்கிறேன். உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். தண்ணி குடுப்பீங்களா?” என்றாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். முன்னந்தலையில் நரை, சாயம் பூசவில்லை. தண்ணீர் கொடுத்தார். பெயர் கேட்கவில்லை. அது போராட்டக் குழுவின் கட்டுப்பாடு. எதிராளியின் பெயரைக் கேட்காதே. பெயர் தெரிந்தால் அவன் மனுசன் ஆகிவிடுவான், மனுசன் ஆனால் வீட்டுக்கு வருவான், வந்தால் பிள்ளைக்கு மிட்டாய் வாங்கி வருவான், அப்புறம் கொடி தானாகச் சாயும். எல்லோரும் அதிகாரி, எல்லோரும் நிர்வாகம். எத்தனை கூட்டத்தில் சொல்லியிருக்கிறார், எத்தனை கை தட்டல் வாங்கியிருக்கிறார். அந்த அம்மா தரையிலேயே உட்கார்ந்து சொன்னாள். அந்த உலைக்குள் எரியப்போகிற பொருளின் பெயர் டிரிட்டியம், ஹைட்ரஜன் குடும்பத்தில் கடைக்குட்டி, கதிர்வீச்சு உள்ளது. உள்ளே செலுத்துவதில் கொஞ்சம்தான் எரியும். மீதியைத் திரும்ப உறிஞ்சி எடுப்பார்கள். எல்லாம் திரும்பாது. கொஞ்சம் உலையின் உள்சுவரில் ஊறிக்கொள்ளும். சுவர் டங்ஸ்டன் உலோகம், அந்த நெருப்பு நக்க நக்கச் சுவரும் தேயும், தேய்ந்தது தூசியாக உதிர்ந்து அடியில் படியும். அந்தத் தூசியிலும் எரிபொருள் ஒட்டியிருக்கும். குளிர்விக்கிற தண்ணீர்க் குழாய் ஒருநாள் உள்ளே வெடித்து, உலையை மூடியிருக்கும் கலமும் விரிசல் விட்டால், நீராவி அந்தத் தூசியைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும். “அதனால இவ்வளவுக்கு மேல தூசி சேரக் கூடாது, இவ்வளவுக்கு மேல எரிபொருள் தங்கக் கூடாதுன்னு ஒரு வரம்பு இருக்கு. அந்த வரம்பைத் தொட்டா உலையை நிறுத்திச் சுத்தம் பண்ணணும். ஆனா தொட்டுச்சான்னு எப்படித் தெரியும்? ஓடுறப்போ திறந்து பாக்க முடியாது. கணக்குலதான் தெரியும்.” வேதக்கண் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து கேட்டார், “கணக்கு யாரு கையில இருக்கு?” அந்த அம்மா தம்ளரைக் கீழே வைத்தாள். “எங்க கையிலதான்” என்றாள்.

பிறகு அவள் சொன்னதுதான் அன்றிலிருந்து பல்லில் மாட்டிய நார் மாதிரி நாக்கை விடமாட்டேன் என்கிறது. சுவர் எவ்வளவு தேய்ந்தது என்று ஓரளவு கண்டுபிடித்துவிடலாமாம். தேய்ந்ததெல்லாம் தூசியாவதில்லை, பெரும்பகுதி திரும்பவும் சுவரிலேயே அப்பிக்கொள்ளுமாம். அதனால் தேய்ந்ததில் பத்தில் ஒரு பங்கைத் தூசி என்று கணக்கில் எடுத்திருக்கிறார்கள். அந்தப் பத்தில் ஒன்று எங்கிருந்து வந்தது? வேறு தேசங்களில் சின்ன உலைகளை ஓட்டி, திறந்து, கூட்டி அள்ளி நிறுத்துப் பார்த்ததில் வந்தது. அவை நொடிக்கணக்கில் ஓடியவை, இது மணிக்கணக்கில் ஓடப்போவது. எரிபொருளும் அப்படித்தான். போனதில் வந்ததைக் கழித்தால் உள்ளே தங்கியது. போனதும் பெரிய எண், வந்ததும் பெரிய எண், அளக்கிற கருவி ஒரு மயிரிழை பிசகினாலும் கழித்து வருகிற சின்ன எண் முழுப் பொய். கணக்கில் இடித்தால் அதை அளவைப் பிழை என்று வைத்துக்கொள்ளலாம் என்று அறிக்கையில் இப்போதே எழுதியாயிற்று. “முதல் தடவை திறந்து நிறுத்துப் பாக்கிற வரைக்கும், தேஞ்சது முழுசும் தூசின்னு வச்சுக்கோங்க, திரும்பி வராத எரிபொருள் முழுசும் உள்ளதான் இருக்குன்னு வச்சுக்கோங்கன்னு நீங்க கேக்கணும். கூட்டத்துல ஊர்க்காரங்க கேட்டா அது நிபந்தனையா ஏறும். நாங்க உள்ளே இருந்து கேட்டா வெறும் கருத்து.” அப்படியானால் உங்கள் கணக்கு தப்பா என்று கேட்டார். இல்லை என்றாள். “சரியா இருக்கும்னுதான் நினைக்கிறேன். ஆனா என் நினைப்பை நம்பி நீங்க படுத்துத் தூங்கக் கூடாது.” இதைத்தான் வேதக்கண்ணால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. தன் ஆயுசில் எந்த அதிகாரியும் இப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. பாதுகாப்பானது என்பார்கள். நூறு சதவீதம் என்பார்கள். உங்கள் பிள்ளையைப்போல என்பார்கள். அதற்கெல்லாம் பதில் அவரிடம் தயாராக இருக்கிறது, நோட்டீஸ் நோட்டீஸாக இருக்கிறது. சரியாகத்தான் இருக்கும், ஆனாலும் நம்பாதே என்று சொல்கிறவளுக்கு என்ன பதில்? இதுவும் ஒரு வித்தையாக இருக்குமோ. இருக்கும். நிபந்தனை கேட்கிறவன் என்ன சொல்கிறான்? நிபந்தனையை நிறைவேற்றினால் கட்டிக்கொள் என்கிறான். ‘வேண்டாம்’ என்பவன் ‘எப்படி’ என்று கேட்கக் கூடாது; ‘எப்படி’ என்று கேட்ட அந்த நிமிசமே ‘வேண்டாம்’ செத்துப்போகிறது. இதையும் அவரே எழுதி அச்சடித்திருக்கிறார். அப்படியானால் அந்த அம்மாவை அனுப்பியது யார்? தன்னை இந்த நாற்காலியில் கொண்டு வந்து உட்கார வைக்க இதைவிடச் சுலபமான வழி உண்டா? மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை கடக் என்றது. கடக். கடக். இடது கால் தானாக ஆடியது. சுயம்பு அதைக் கவனித்துவிட்டான். “சர்க்கரையா அண்ணாச்சி?” “ஆமா வே, உம்ம பேச்சைக் கேட்டுக் கேட்டு.”

தூசி. சாம்பலும் தூசிதான். அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கிய கோடையில் உப்பு அம்பாரத்தின் மேல் கீற்று மூடியிருந்தும் ஒரு சாம்பல் படலம். விரலால் வழித்தால் மை போல. அதைச் சுண்டிவிட்டுத்தான் சோறு தின்றார்கள். கரை உடைந்த அன்று அது தூசியாக வரவில்லை, கூழாக வந்தது. ராசக்கனியின் புருசன் ஞானதிரவியம் பாத்தி வரப்பில் குனிந்து நின்றவன் நிமிரவில்லை. தோண்டி எடுத்தபோது கண்ணில் வாயில் காதில் எல்லாம் சாம்பல், ஈரச் சிமெண்டு மாதிரி, ராசக்கனி தன் முந்தானையை விரலில் சுற்றி அவன் வாய்க்குள் விட்டு எடுத்துக்கொண்டே இருந்தாள், எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. வேண்டாம். இப்போது அது வேண்டாம். மைக்கில் யாரோ செல்போன் கோபுரம் கேட்கிறார்கள். உலைக்கும் கோபுரத்துக்கும் என்ன சம்பந்தம். எழுதுகிறார் துணை வட்டாட்சியர், அதையும் எழுதுகிறார். அன்றைக்கு ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் இப்படித்தான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். நல்ல மனுசன்போலத்தான் கேட்டார். “யார் மேல புகார்?” “நிர்வாகத்து மேல.” “நிர்வாகம்னா யாருங்க? பேரு சொல்லுங்க. விரிப்புப் போடுறோம்னு சொன்னது யாரு? குட்டைக்கு ஆபத்து இல்லைன்னு கணக்குப் போட்டது யாரு?” வேதக்கண் ராசக்கனியைப் பார்த்தார். ராசக்கனி வேதக்கண்ணைப் பார்த்தாள். பின்னால் ஊரே நின்றது. ஒரு பெயர், ஒரே ஒரு பெயர் யாருக்கும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? கேட்கக் கூடாது என்பதல்லவா கட்டுப்பாடு. அனல்மின் நிலையத்துக்கு இதேபோல் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தபோது நோட்டீஸை பஸ் ஸ்டாண்டில் கொளுத்திவிட்டு, ஊர் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு, மண்டபத்தில் வெறும் நாற்காலிக்குக் கருத்துச் சொல்லுங்கடா என்று கெக்கலித்தார்கள். வெறும் நாற்காலிகளைப் பார்த்து அவர்களும் எழுதிக்கொண்டார்கள்: ஆட்சேபணை எதுவும் பெறப்படவில்லை. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் கிடப்பது இதுதான். சரி, கிடக்கட்டும். அது தப்பில்லை. திருடன் வைத்த பஞ்சாயத்தில் போய் உட்காராதது எப்படித் தப்பாகும்? இன்றைக்கும் எந்தக் கொம்பன் வந்து கேட்டாலும் தப்பில்லை என்றுதான் சொல்வார். தப்பில்லை. ஆனால் இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிய சத்தம் இருக்கிறதே, டக் என்று, அது இந்த மின்விசிறியில் எப்படி வந்து உட்கார்ந்தது?

காலையில் ராசக்கனி வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. “யண்ணே, டோக்கன் வாங்கிருக்கியளாமே.” “ஆமா.” “அவன் போட்ட நாக்காலில போய் உக்காரப் போறியளாக்கும்.” “உக்காந்து கேக்கப் போறேன்.” “என்னத்த கேப்பிய? தூசி எவ்வளவுன்னா? அவன் ஒரு கிலோன்னு சொன்னா சரின்னு துண்டை உதறிட்டு வந்துருவியளா?” அவர் செருப்பைக் காலில் மாட்டினார். “உங்க மாப்பிள்ளை வாயில இருந்து எடுத்தமே, அது எத்தனை கிலோன்னு எவனாவது நிறுத்தானா?” நிறுக்கத்தான் சொல்லப் போறேன் தாயி என்று நாக்கு நுனிவரை வந்தது. “நீங்க உள்ள போனா எனக்கு அண்ணன் இல்ல” என்றாள், சத்தம் போடாமல் சொன்னாள். அவள் கத்தினால் பயமில்லை. மெதுவாகச் சொன்னால் அது நிற்கும். இத்தனை வருசமாகப் பண்டிகைக்குப் பண்டிகை அவள் கையால்தான் சோறு. அவருக்கென்று வேறு யார் இருக்கிறார்கள், போராட்டத்தைக் கட்டிக்கொண்டவருக்கு? திரும்பிப் போய்விடலாம். இப்போதுகூடப் போகலாம். எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டு, இந்த நாடகத்தைப் புறக்கணிக்கிறேன் என்று ஒரு வார்த்தை மைக்கில் சொல்லிவிட்டு நடந்தால் வெளியே மாலை விழும். டிவிக்காரன் ஓடி வருவான். ராசக்கனி சிரிப்பாள். உலை வரும். நிச்சயம் வரும், அனல்மின் நிலையம் வந்த மாதிரியே வரும். சுவர் தேயும். பத்தில் ஒன்று என்று எவனோ எழுதிக்கொண்டிருப்பான். பத்தும் உதிர்ந்து அடியில் கிடந்தாலும் ஒன்று என்றுதான் எழுதிக்கொண்டிருப்பான், திறந்து பார்க்கிற வேலையே இல்லையே. மேல்காற்று அடித்தால் கடலுக்குப் போகும், கீழ்க்காற்று அடித்தால் ஊருக்கு வரும். கீழ்க்காற்று வருசத்தில் எத்தனை மாசம்? எண்ணிப் பார்க்கப் போனவர் பாதியில் விட்டார். உலைக்காரர்களின் அறிக்கையின் தமிழ்ச் சுருக்கம் மடியில் கிடந்தது. நோட்டீஸைப் படித்து எழுத்துக் கற்றவர் அவர். எந்தத் தாளைக் கையில் வாங்கினாலும் முதலில் அடியைத்தான் பார்ப்பார், அச்சிட்டவர் யார், வெளியிட்டவர் யார். அடியில் பெயர் இல்லாத நோட்டீஸை வாங்காதே, அது போலீஸ் போட்டதாக இருக்கும் என்று பழைய தோழர் ஒருவர் சொல்லியிருக்கிறார். இந்தச் சுருக்கத்தையும் கைக்கு வந்ததும் அப்படித்தான் புரட்டினார். பதினான்கு பக்கம் ஆபத்தில்லை, ஆபத்தில்லை. அடியில் ஒரு பெயர் இல்லை. அந்த அம்மாவின் பெயரும் இல்லை. மூன்றாவது வரிசை ஓரத்தில் உலைக்காரர்கள் கூட்டத்தில் அவள் உட்கார்ந்திருக்கிறாள், இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. வித்தையா, இல்லையா? இதைத் தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது, மைக்கில் எல்லோர் முன்னாலும் பெயரைக் கேட்பது. கேட்டால் அவள் வேலை போகலாம். கேட்காவிட்டால் நாளைக்கு ஒரு இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

“வேதக்கண். தெற்கு மணல்விளை.” பெயர் ஒலிபெருக்கியில் வெளியே போய் மதிலில் மோதித் திரும்பி வந்தது. கோஷம் பாதியில் நின்றது. எழுந்தார். நாற்காலி திரும்பவும் தொடையோடு ஒட்டிக்கொண்டு வர, சுயம்பு பிடித்து இழுத்து விட்டான், இந்த முறை ஒன்றும் சொல்லாமல். மைக் வரை நடக்கிற தூரத்தில் வரிசையைச் சொல்லிப் பார்த்தார், முதலாவது, முதலாவது என்ன, ரோடு, ரோட்டுக்கு அப்புறம் எல்லாம் சாம்பலாக மூடிக் கிடந்தது, ஒன்றும் தெரியவில்லை. முதல் தடவையாக வரிசை இல்லாமல் மைக் முன்னால் நின்றார். “எனக்கு இந்த உலை வேண்டாம்யா” என்றார். “அதை முதல்ல எழுதிக்கோங்க. அதுக்கு மேல சொல்றதையும் எழுதிக்கோங்க. சுவர் தேஞ்சதுல பத்துல ஒண்ணுதான் தூசிங்கிய. நிறுத்துப் பாத்தியளா?” பொது மேலாளர் புன்சிரிப்போடு தன் மைக்கை இழுத்தார். “ஐயா, இது சர்வதேச அனுபவத்தின் அடிப்படையில…” “இந்த உலையைத் திறந்து நிறுத்துப் பாத்தியளான்னு கேட்டேன்.” “இன்னும் கட்டவே இல்லையே ஐயா.” சிரிப்பு எழுந்தது. வேதக்கண்ணும் தலையாட்டினார். “அதத்தான் சொல்லுதேன். நிறுக்காத தூசியில பத்துல ஒன்பதை எப்படிய்யா தள்ளுபடி பண்ணுனிய? திறந்து, எங்க ஊர் ஆட்கள் முன்னால நிறுத்துக் காட்டுற வரைக்கும் பத்தும் தூசின்னுதான் கணக்கு. உள்ள போய்த் திரும்பி வராத எரிபொருள் மொத்தமும் உள்ளதான் கிடக்குன்னு கணக்கு. பிழை கிழைன்னு எழுதக் கூடாது. அந்தக் கணக்குல வரம்பைத் தொட்டா உலையை நிறுத்தணும். நிபந்தனைன்னு எழுதுங்க.” வருவாய் அதிகாரி மேலாளரைப் பார்த்தார், மேலாளர் பக்கத்து ஆளைப் பார்த்தார். வருவாய் அதிகாரி, எழுதுங்க என்றார். முடிந்தது. இறங்கலாம். கால் இறங்கவில்லை. “இன்னொண்ணு. இந்தப் பத்துல ஒண்ணு தப்புன்னு நாளைக்குத் தெரிஞ்சா நான் யாரைப் போய்க் கேக்கணும்?” “நிறுவனம் பொறுப்பு ஐயா. இது ஒரு பெரிய குழுவோட கூட்டு உழைப்பு.” “குழுவுக்குச் சம்மன் அனுப்ப முடியுமாய்யா? ஒரு தடவை எங்க வீட்ல ஒருத்தன் செத்தான். யார் மேல புகார்னு கேட்டாங்க. பேரு தெரியாம ஊரோட நின்னோம். இனி நிக்க மாட்டோம். கணக்கைப் போட்டது யாரு? பேரு வேணும்.” “தனிநபர் பேரெல்லாம் இங்கே…” என்று மேலாளர் தொடங்கினார்.

வேதக்கண் மூன்றாவது வரிசையைப் பார்க்கக் கூடாது என்று ஜிகினாத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றார். பார்த்தால் காட்டிக் கொடுத்ததாகிவிடும். எழுந்திருக்க மாட்டாள். எழுந்திருக்காவிட்டால் வித்தை. வித்தை என்றால் தான் இந்த மண்டபத்துக்குள் கால் வைத்தது, தங்கையை விட்டது, ‘வேண்டாம்’ என்பதைக் கொன்றது எல்லாம் அவர்கள் எழுதிக் கொடுத்த வேசம். அல்லது வித்தையாக இல்லாமலே எழுந்திருக்காமல் இருக்கலாம். வீடு இருக்கும், பிள்ளை படித்துக்கொண்டிருக்கும், யார் எழுந்திருப்பார்கள்? தான் மட்டும் என்ன, இன்ஸ்பெக்டர் முன்னால்… நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. “நான் போட்டது சார்.” அந்த அம்மா நின்றுகொண்டிருந்தாள். மைக் இல்லாத அவள் குரல் முன் வரிசைக்கே பாதிதான் எட்டியது. மேலாளர், “மேடம், நீங்க பேச வேண்டியதில்லை” என்றார். “பேரு கேட்டாங்க சார்” என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் தங்கள் நாற்காலியைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டார்கள். அவள் நடந்து போய்த் துணை வட்டாட்சியரிடம் குனிந்து சொன்னாள், அவர் கேட்டுக் கேட்டு எழுதினார், எழுத்துக்கூட்டுவதைப்போல் அவள் உதடு அசைந்தது. தனியாக ஒதுங்கிக் கிடந்த தன் நாற்காலிக்கு அவள் திரும்பிப் போவதை வேதக்கண் பார்த்தார். என்ன காரியம் செய்துவிட்டோம் என்று இருந்தது. செய்ய வேண்டியதைச் செய்தோம் என்றும் இருந்தது. இரண்டும் ஒன்றை ஒன்று தள்ளவில்லை, நெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டன. “பதிவு செய்ததைப் பொதுமக்கள் முன்னால் வாசிக்கணும், விதி இருக்கு” என்றார் வருவாய் அதிகாரி களைத்த குரலில். துணை வட்டாட்சியர் எழுந்து நின்று வாசித்தார். உலை வேண்டாம் என்பதை வாசித்தார். பத்தும் தூசி என்பதை வாசித்தார், திரும்பாத எரிபொருளை வாசித்தார், ஊரார் முன்னிலையில் நிறுக்க வேண்டும் என்பதை வாசித்தார். பெயருக்கு வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு வேகமாக ஓட்டிவிட்டுத் தாளைத் திருப்பப் போனார். கேட்டுக்கு அப்பாலிருந்து ராசக்கனியின் குரல் வந்தது, கோஷக் குரல் இல்லை, உப்பளத்தில் ஒரு வரப்பிலிருந்து இன்னொரு வரப்புக்குக் கூப்பிடுகிற குரல். “கேக்கல! அந்தப் பேரைச் சத்தமா வாசி!” துணை வட்டாட்சியர் வருவாய் அதிகாரியைப் பார்த்தார். வருவாய் அதிகாரி தலையசைத்தார். மண்டபத்தில் மகளிர் குழு நிமிர்ந்து உட்கார்ந்தது, வாசலில் போலீஸ்காரர்கள் திரும்பினார்கள், வெளியே ஊர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. அவர் தாளை முகத்துக்கு நேரே பிடித்து, மைக்கை வாயருகே இழுத்து, ஒவ்வொரு சொல்லாக வாசித்தார்.

“இந்தக் கணக்கைப் போட்டவர், சங்கரலிங்கம் மகள், மங்கையர்க்கரசி.”